ஓர் இரவின் வரலாற்றை எழுதுவது எப்படி? ஃபிராங்கி நக்கிள்ஸும் சிகாகோவின் ஒரு கிடங்கும்

சில வாரங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில், இருபதாம் நூற்றாண்டு நிகழ்த்துகலைகளின் வரலாற்றுச் சான்றுகள் குறித்துப் பேசி முடித்தபோது, முனைவர் பட்ட மாணவர் ஒருவர் எழுந்து, "டிஜே என்பவர் பிறர் இசைத்த பாட்டை ஓடவிடுபவர்தானே? அவரை எந்த அடிப்படையில் கலைஞர் என்று வரலாற்றில் சேர்க்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நேரமின்மையால் இரண்டு வாக்கியங்களில் ஏதோ சொல்லிவிட்டு அமர்ந்தேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். பதிவு நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொதுக் கோட்பாடாகப் பேசுவதைவிட ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிக்கொண்டு பேசுவது எனக்கு எளிது. ஃபிராங்கி நக்கிள்ஸ் என்று உலகம் அறிந்த ஃபிரான்சிஸ் வாரன் நிக்கல்ஸ், 1955 ஜனவரி 18 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த கறுப்பினத்தவர்; தன்பாலீர்ப்பாளர். துணி வடிவமைப்புப் பயின்றவர். இளமையில் அவருக்கு வாய்த்த நெருங்கிய நண்பர் லாரி லெவன். இருவரும் பதின்பருவம் கடக்கும் முன்பே நியூயார்க்கின் நடன விடுதிகளைத் தம் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டனர். நிக்கி சியானோ நடத்திய 'கேலரி'யில் அவர்கள் செய்த வேலை பலூன் ஊதுவதும் அரங்கை அலங்கரிப்பதும். பிறகு மன்ஹாட்டனில் அன்சோனியா என்ற பழம்பெரும் கட்டடத்தின் அடித்தளத்தில் இயங்கிய 'கான்டினென்டல் பாத்ஸ்' என்ற ஆண்கள் குளியலகத்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றத் தொடங்கினர். துணியை வெட்டித் தைக்கப் படித்தவர் பின்னாளில் ஒலிநாடாவை வெட்டி ஒட்டிப் பெயர் பெற்றார் என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது வெறும் தற்செயலாகத் தோன்றியதில்லை.

நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்குக் குடிபெயர்ந்திருந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் அங்கே ஒரு நடனக்கூடம் தொடங்க விரும்பி முதலில் அழைத்தது லெவனைத்தான். லெவன் நியூயார்க்கை விட்டு வர மறுத்துவிட்டார். அடுத்து அழைப்பு நக்கிள்ஸுக்குப் போயிற்று. 1977இல் அவர் சிகாகோவுக்கு வந்தார். லெவன் நியூயார்க்கில் 'பாரடைஸ் கராஜ்' என்ற கூடத்தின் மையமானார். ஒரு மறுப்பிலிருந்து இரண்டு நகரங்களின் இசை வரலாறுகள் பிரிந்து சென்றன.

சிகாகோவின் தெற்கு ஜெஃபர்சன் தெரு 206ஆம் எண் கட்டடம் மூன்று தளங்கள் கொண்ட பழைய தொழிற்கூடம். நகரின் மையத்திலிருந்து தொழில்கள் விலகிச் சென்ற காலம் அது. மாலைக்குப் பின் அப்பகுதியில் ஆள் நடமாட்டம் குறைவு, வாடகையும் குறைவு, ஒலி அதிர்ந்தால் முறையிட அண்டை வீட்டாரும் இல்லை. அந்தக் கூடத்தை மக்கள் 'வேர்ஹவுஸ்' என்றே அழைத்தனர். கிடங்கு என்பதுதான் சொல்லின் பொருள். சனிக்கிழமை இரவு தொடங்கும் ஆட்டம் ஞாயிறு நண்பகலையும் தாண்டும். மது விற்பனை இல்லை, பழச்சாறும் தண்ணீரும்தான். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர்கள்.

இதன் பொருளை அறிய சிகாகோவை அறிய வேண்டும். அமெரிக்காவின் மிகக் கடுமையான இனவொதுக்கல் நிலவிய நகரங்களுள் அது ஒன்று. தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினத்தவர் நகரின் தென்பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் அடைக்கப்பட்டிருந்தனர். வடபகுதியில் வெள்ளையருக்கான தன்பாலீர்ப்பாளர் விடுதிகள் இருந்தன. ஆனால் கறுப்பினத்தவர் வாசலில் நின்றால் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாள அட்டைகளைக் கேட்டுத் திருப்பியனுப்பும் வழக்கம் பரவலாக இருந்தது. தம் சொந்தக் குடியிருப்பிலோ குடும்பமும் தேவாலயமும் அவர்களை ஏற்கத் தயங்கின. இரு வாசல்களும் மூடப்பட்ட மனிதர்களுக்குத் திறந்த மூன்றாவது வாசல் அந்தக் கிடங்கு. நக்கிள்ஸ் அதைத் தேவாலயத்தோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். ஞாயிறு காலைவரை நீளும் கூட்டம், கறுப்பினத் தேவாலய மரபிலிருந்து எழுந்த குரல்கள், ஒருசேர அசையும் உடல்கள் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால் அது வெறும் உவமையாகத் தோன்றாது.

இனி மாணவரின் கேள்விக்கு வருகிறேன். நக்கிள்ஸ் அங்கே என்ன செய்தார்? இரண்டு சுழல்தட்டுகள், இடையே ஒரு கலப்பான். ஒரு பாட்டு முடியும் முன் அடுத்த பாட்டின் தாளத்தை அதனோடு இணைத்து, ஆடுபவரின் கால் நிற்காதபடி கடத்திச் செல்வது அடிப்படைத் திறன். அதோடு அவர் நிற்கவில்லை. ஒலிப்பொறியியல் அறிந்த எராஸ்மோ ரிவேரா என்ற நண்பரின் துணையோடு, சுருள்நாடாவில் பாட்டுகளை வெட்டி ஒட்டினார். குரல் ஓய்ந்து தாளமும் அடித்தள இசையும் மட்டும் ஒலிக்கும் அரை நிமிடத்தைப் பல நிமிடங்களாக நீட்டினார், உச்சத்தைத் தள்ளிப்போட்டார், பல்லவி வரும் என்று கூட்டம் காத்திருக்கையில் அதைத் தர மறுத்துப் பின்பு தந்தார். விளக்குகள் யாவற்றையும் அணைத்துவிட்டு, இருளில் விரைவு ரயில் ஒன்று கூடத்தைக் கடந்து ஓடுவதுபோன்ற ஒலியை எழுப்புவாராம்; அங்கு ஆடியவர்கள் பலர் இதை நினைவுகூர்ந்துள்ளனர்.

மூன்று நிமிடப் பாட்டு என்ற வணிக அலகை உடைத்து எட்டு மணிநேர இரவு என்ற வேறொரு அலகை உருவாக்குவதே இந்த வேலை. நம் மரபில் விடிய விடிய நடக்கும் கூத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூத்தில் கதையும் பாட்டும் எல்லோருக்கும் முன்பே தெரிந்தவை. எந்த இடத்தில் நிறுத்துவது, எதை நீட்டுவது, கூட்டம் அசரும் பின்னிரவில் எதைக் கொண்டுவந்து நிறுத்துவது என்பதில்தான் வாத்தியாரின் கலை இருக்கிறது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. 'பிறர் பாட்டைத்தானே' என்ற கேள்வியை நாம் கூத்து வாத்தியாரிடம் கேட்பதில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில் நடந்ததைக் குறிப்பிடாமல் மேலே செல்ல முடியாது. ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர், பேஸ்பால் ஆட்டங்கள் இரண்டுக்கு இடையே டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்க்கும் விழா ஒன்றை ஏற்பாடு செய்தார். இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வருபவருக்கு நுழைவுக் கட்டணம் 98 சென்ட். ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். தட்டுகள் வெடித்துச் சிதறியதும் ஆயிரக்கணக்கானோர் களத்துக்குள் புகுந்தனர்; இரண்டாவது ஆட்டம் நடைபெறவேயில்லை. அன்று அம்மைதானத்தில் பார்வையாளருக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், மக்கள் கொண்டுவந்து குவித்தவற்றில் டிஸ்கோ அல்லாத கறுப்பின இசைத்தட்டுகளும் ஏராளமாக இருந்தன என்று பிற்காலத்தில் சாட்சியம் தந்தார். இனவெறுப்போ தன்பாலீர்ப்பு வெறுப்போ தம் நோக்கமல்ல என்று டால் தொடர்ந்து மறுத்துவந்திருக்கிறார். ஏற்பாட்டாளரின் நோக்கத்தையும் கூட்டத்தின் செயலையும் வரலாற்றாசிரியர் தனித்தனியே எடைபோட வேண்டும். எறியப்பட்ட தட்டுகளின் உறைகளில் யாருடைய முகங்கள் இருந்தன என்பதும் சான்றுதான். லாரன்ஸ் அந்த வேலையில் சேமித்த பணம் ஒரு சின்தசைசர் வாங்குவதற்கானது. 1984இல் அவரும் ஜெஸ்ஸி சாண்டர்ஸும் சேர்ந்து வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்' முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலராலும் குறிக்கப்படுகிறது.

டிஸ்கோவின் சந்தை சரிந்ததும் பெரிய இசைநிறுவனங்கள் அத்தகைய தட்டுகளை வெளியிடுவதைக் குறைத்துக்கொண்டன. கிடங்கில் ஆடியவர்கள் ஆடுவதைக் குறைத்துக்கொள்ளவில்லை. புதிய சரக்கு வராத கடைக்காரரின் நிலைதான் நக்கிள்ஸுக்கு. பழைய தட்டுகளைப் புதிதாக்குவது, ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானவற்றைத் தேடுவது, பின்னர் இயந்திரத் தாளத்தை அடியில் சேர்ப்பது எனப் பற்றாக்குறை அவரது முறையைக் கூர்மையாக்கியது. ஹவுஸ் இசை டிஸ்கோவின் பழிவாங்கல் என்று அவர் பின்னாளில் வேடிக்கையாகக் குறிப்பிட்டதுண்டு.

'ஹவுஸ்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இசைத்தட்டுக் கடையொன்றில் 'வேர்ஹவுஸில் ஒலித்தவை' என்று எழுதி வைத்தார்கள், அது சுருங்கி 'ஹவுஸ்' ஆயிற்று என்பது ஒரு கதை. தென்பகுதியில் காரில் செல்கையில் ஒரு மதுக்கடைச் சன்னலில் 'இங்கே ஹவுஸ் இசை ஒலிக்கும்' என்ற அறிவிப்பைக் கண்டு வியந்து நண்பரிடம் பொருள் கேட்டதாக நக்கிள்ஸே சொல்லும் கதை இன்னொன்று. வேறு நினைவுகளும் உள்ளன. மாணவர்கள் இவற்றுள் எது உண்மை என்று கேட்பார்கள். எனக்கு அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு: எல்லாக் கதைகளிலும் பெயரைச் சூட்டுபவர் இசைப்பவர் அல்லர், கேட்பவரும் வாங்குபவரும் ஆடுபவருமே சூட்டுகிறார்கள்.

1982இன் இறுதியில் வேர்ஹவுஸின் நுழைவுக் கட்டணம் இரட்டிக்கப்பட்டது; கூட்டத்தின் இயல்பும் மாறியது. நக்கிள்ஸ் விலகி 'பவர் பிளான்ட்' என்ற சொந்தக் கூடத்தைத் தொடங்கினார். வில்லியம்ஸ் 'மியூசிக் பாக்ஸ்' என்ற புதிய கூடத்துக்கு ரான் ஹார்டியை அமர்த்தினார். நக்கிள்ஸ் மென்மையும் நேர்த்தியும் விரும்புபவர். ஹார்டி வேகமும் முரட்டுத்தனமும் கொண்டவர். டெட்ராய்ட்டைச் சேர்ந்த டெரிக் மே என்ற இளைஞரிடமிருந்து ரோலண்ட் டிஆர்-909 தாள இயந்திரம் ஒன்றை நக்கிள்ஸ் வாங்கினார்; தட்டுகளின் தாளத்துக்கு அடியில் அதன் தாளத்தையும் சேர்த்து ஒலிக்கச் செய்தார். டெட்ராய்ட்டில் டெக்னோ என்ற மற்றோர் இசை உருவாக முதன்மைக் காரணமானவர்களுள் ஒருவர் இந்த மே என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது இந்திய வாசகர் ஒருவர் பம்பாயின் சரண்ஜித் சிங்கை நினைவூட்டாமல் இருக்கமாட்டார். இந்தித் திரையிசையில் வாத்தியக் கலைஞராக இருந்த அவர், ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808 கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து 1982இல் இசைத்தட்டு வெளியிட்டார். அது அப்போது கவனிக்கப்படாமல் போயிற்று. 2010இல் மறுவெளியீடு கண்டபோது, ஆசிட் ஹவுஸ் பம்பாயில் பிறந்தது என்று பத்திரிகைகள் பரபரத்தன. ஒலியின் ஒற்றுமை வியப்பூட்டுவதுதான். ஆனால் நான் இந்தக் கூற்றை ஏற்பதில்லை. டிபி-303 கிதார் கலைஞருக்குத் துணை இசைக்கவென்று தயாரிக்கப்பட்டு வணிகத்தில் தோற்ற கருவி. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. சிகாகோவின் ஃபியூச்சர் என்ற இளைஞர் குழு அதைத் தாறுமாறாகத் திருகி எழுப்பிய 'ஆசிட் டிராக்ஸ்' என்ற இசையை ஹார்டி ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கவிட்டார் என்பர். முதல் முறை ஆடுதளம் வெறிச்சோடியது. நான்காம் முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியது. பம்பாயில் சிங்குக்குக் கருவி இருந்தது, திறமை இருந்தது; நான்காம் முறைவரை காத்திருந்து கேட்கும் ஓர் ஆடுதளம் இல்லை. ஒரு பாணியின் வரலாற்றை அதன் ஆடுதளத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நக்கிள்ஸைத் துதிபாடுவது என் நோக்கமன்று. அவர் பெயரோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்ட 'யுவர் லவ்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதிப் பாடியவர் ஜேமி பிரின்சிபிள் என்ற இளைஞர். நாடாவில் பதிந்து கைமாறி வந்த அப்பாட்டை நக்கிள்ஸ் தம் கூடத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் புகழ்பெறச் செய்தார்; பிறகு அதைச் செப்பனிட்டு மறுபதிவும் செய்தார். 1986இல் பிரின்சிபிளின் பெயரில் ஒரு சிறு நிறுவனம் அதை வெளியிட்டது. 1987இல் டிராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட தட்டிலோ நக்கிள்ஸின் பெயர்தான் இருந்தது. உலகம் அறிந்தது இரண்டாவது தட்டை. அதன் இசைத்தளத்தின் மேல் கேண்டி ஸ்டேட்டனின் குரலை ஏற்றிய மற்றொரு பாட்டு 1991இல் பிரிட்டனில் நான்காம் இடத்தைப் பிடித்தது. எழுதிய இளைஞரின் பெயர் ஒவ்வொரு படியிலும் மங்கிக்கொண்டே போயிற்று. டிஜேயையும் கலைஞராக ஏற்க வேண்டும் என்று வாதிடும் நாம், அவ்வாறு ஏற்கும்போது யாருடைய பெயர் அழிகிறது என்பதையும் கூடவே கேட்டாக வேண்டும்.

டிராக்ஸின் கதை தனி ஆய்வுக்குரியது. லாரி ஷெர்மன் என்பவர் சொந்தமாக இசைத்தட்டு அச்சுக்கூடம் வைத்திருந்தார். பழைய தட்டுகளை உருக்கிப் புதியவற்றை அச்சிட்டதால், ஹவுஸ் இசையின் மூலச்சான்றுகளாக நாம் மதிக்கும் தட்டுகள் பலவற்றில் கரகர ஒலி இன்றும் கேட்கும். இளம் கலைஞர்கள் ஒப்பந்தம் பற்றிய அறிவின்றிக் கையெழுத்திட்டார்கள். உரிமைத்தொகை வரவில்லை என்ற குறை பல்லாண்டுகள் தொடர்ந்தது. லாரி ஹேர்டும் ராபர்ட் ஓவன்ஸும் 2020இல் வழக்குத் தொடுத்து, 2022இல் ஏற்பட்ட உடன்பாட்டின்வழித் தம் பாடல்களின் உரிமையை மீட்டனர். அதே ஆண்டு வேறு பல கலைஞர்களும் நீதிமன்றத்தை நாடினர். இவ்வழக்குகளின் ஆவணங்கள் நம் மாணவர்களுக்கு நல்ல ஆய்வுப்பொருள்.

இசையால் சம்பாதித்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர். 1986இல் ஃபார்லி ஜாக்மாஸ்டர் ஃபங்கின் பாட்டு பிரிட்டனின் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. 1987 ஜனவரியில் ஸ்டீவ் ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' முதலிடம் பெற்றது. சொந்த நகரத்தில் பகலில் யாரும் அறியாதவர்கள் லண்டனில் நட்சத்திரங்களாயினர். நக்கிள்ஸும் லண்டனில் சில மாதங்கள் இசைத்துவிட்டு, எண்பதுகளின் இறுதியில் நியூயார்க்குக்கே திரும்பினார். அவர் திரும்பிய நகரத்தை எய்ட்ஸ் சூறையாடிக்கொண்டிருந்தது. பாரடைஸ் கராஜ் 1987இல் மூடப்பட்டது; அதன் உரிமையாளர் மைக்கேல் பிராடி அதே ஆண்டு எய்ட்ஸுக்குப் பலியானார். 1992இல் லாரி லெவன் இறந்தார், வயது 38. அதே ஆண்டு ரான் ஹார்டியும் மறைந்தார். வாய்மொழி வரலாறு எழுதுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்: இந்த இசையின் முதல் தலைமுறைச் சாட்சிகளில் மிகப் பலர் நேர்காணல் கேட்க யாரும் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். எஞ்சியவர்களின் குரல்களையே நாம் முழு வரலாறாகப் படிக்கிறோம். நக்கிள்ஸ் இந்த இசையின் தந்தை எனப்படுவதற்கு அவரது ஆற்றல் ஒரு காரணம். அவர் உயிரோடு இருந்து பேசினார் என்பதும் ஒரு காரணம்.

டேவிட் மொராலஸோடும் ஜூடி வைன்ஸ்டீனோடும் 'டெஃப் மிக்ஸ்' என்ற குழுவில் இணைந்து அவர் செய்த மறுகலவைகளின் பட்டியல் நீண்டது. சாக்கா கான், சவுண்ட்ஸ் ஆஃப் பிளாக்னஸ் ஆகியோருக்குச் செய்தவை என் விருப்பத்துக்குரியவை. 1991இல் 'தி விசில் சாங்' வெளிவந்தது. 1998இல், மறுகலவைக் கலைஞருக்கென்று கிராமி விருது முதன்முறையாக ஏற்படுத்தப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர்தான்.

சிகாகோ நகராட்சி இந்த இசையை எப்படி நடத்தியது? 2000ஆம் ஆண்டில் உரிமமற்ற நடன நிகழ்ச்சிகளைத் தடுக்க ஒரு விதி இயற்றப்பட்டது. அமைப்பாளர், கட்டட உரிமையாளர் ஆகியோரோடு டிஜேக்கும் 10,000 டாலர் வரை அபராதம் விதிக்க அது வழிவகுத்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2004 ஆகஸ்ட் 25 அன்று, அதே நகராட்சி வேர்ஹவுஸ் இருந்த தெருப்பகுதிக்கு ஃபிராங்கி நக்கிள்ஸின் பெயரைச் சூட்டியது. அதற்குத் துணைநின்றவர்களுள் அப்போது மாநில மேலவை உறுப்பினராக இருந்த பராக் ஒபாமாவும் ஒருவர். இரு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும்.

நீரிழிவு அவரைப் பற்றியது. 2008இல் ஒரு பாதத்தை இழந்தார். அதன் பின்னும் சுழல்தட்டுகளின் முன் நின்றார். இரவு முழுதும் நிற்கும் தொழில் அது. 2014 மார்ச் 31 அன்று சிகாகோவில் காலமானபோது அவருக்கு வயது 59.

அவர் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகள் சிகாகோவின் தென்பகுதியில், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய வங்கிக் கட்டடத்தைப் புதுப்பித்துத் தியாஸ்டர் கேட்ஸ் என்ற கலைஞர் உருவாக்கிய 'ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்'கில் வைக்கப்பட்டுள்ளன. தெற்கு ஜெஃபர்சன் தெருக் கட்டடம் இடிபடக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோது ஆர்வலர்கள் இயக்கம் நடத்தினர். 2023 ஜூனில் நகர மன்றம் அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக்கியது. அதன் முகப்பில் சிற்பமில்லை, தூணில்லை. கட்டடக்கலை நோக்கில் அங்கே காக்கப்பட வேண்டிய சிறப்பு எதுவும் அரிது. ஐந்தாண்டுகள், வாரம் ஓர் இரவு, உள்ளே சிலர் ஆடினார்கள் என்பதே காரணம். அரங்கில் கேள்வி கேட்ட மாணவர் இதைப் படித்தால் எனக்கு எழுதட்டும். அவருடைய அடுத்த கேள்வி அந்த இரவுகளுக்கு அடிக்குறிப்பு எப்படி இடுவது என்பதாகத்தான் இருக்கும். அதற்கு மேற்சொன்ன நாடாக்களிலிருந்தும் வழக்குக் கட்டுகளிலிருந்தும் தொடங்கலாம்.